காசு வெட்டியவளுக்குப் பதினாறு ஊசி

மீமிசல்
20.6.2024

பிரகதாம்பாளுக்கு ராக்காயி எழுதுவது.

சுகமா என்று கேட்கும் உறவு நமக்குள் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் ரம்யா உனக்குப் போன் செய்தாளாமே. என்னைக் கேட்காமல் செய்த காரியம் அது. பேசச் சொல்லிப் போனை என் காதில் வைக்க வந்தாள், தட்டிவிட்டேன். காசு வெட்டிப் பகையான வீட்டோடு பேச்சு கிடையாது என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எழுதக் கூடாது என்று பூசாரி சொல்லவில்லை. ஐந்தாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

உனக்கு மறந்திருக்கும். படித்தவர்களுக்கு மறப்பது சுலபம். எனக்கு ஒன்றும் மறக்காது. 2003ஆம் வருஷம், ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. நீ ஆகாச நீலத்தில் சேலை கட்டி, தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தாய். என் வீட்டுக்காரர், அதுதான் உன் கூடப் பிறந்த அண்ணன் ரெங்கராஜ், இரண்டு காலும் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். நீ கட்டை விரலால் அமுக்கினாய். குழி விழுந்தது, எழும்பவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம் மதினி, எனக்கு டூட்டி இருக்கு" என்று சொல்லி நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனாய். பதினோராம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். முப்பது கழிந்ததும் நான் காளி கோயிலில் வெட்டுக்கல்லின் மேல் காசை வைத்து உளியால் இரண்டு துண்டாக்கினேன். துரோகம் செய்தது யாரோ அவரைக் காளி கேட்டுக்கொள்வாள். அன்றிலிருந்து உன் வீட்டில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

இப்போது என் கால் வீங்குகிறது. மூத்திரம் பால் கறந்த செம்பு மாதிரி நுரைக்கிறது. மதுரையில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஊசி விட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்தார்கள். இடுப்பு எலும்பைக் குடைந்து மஜ்ஜை எடுத்தார்கள். வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னார்கள். புதுக்கோட்டையில் வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு ஊசி போட வேண்டுமாம். போட்டால் கிட்னி மிஞ்சலாம், போடாவிட்டால் வருஷத்துக்குள் மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டுமாம்.

ஊரில் "வெட்டுனவ மேலயே காசு திரும்பிருச்சு" என்று பேசுகிறார்கள். பேசட்டும். நான் ஊசி போடப்போவதில்லை. நீ நடுவில் வந்து நர்ஸ் உத்தியோகம் பார்க்காதே. ரிட்டயர் ஆகிவிட்டாய் அல்லவா, சும்மா இரு.

ராக்காயி


புதுக்கோட்டை
25.6.2024

மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து முன்னைவிட மோசமாகிவிட்டது. குணம் அப்படியே இருக்கிறது.

ரம்யா உங்கள் ரிப்போர்ட்டுகளை எனக்கு அனுப்பினாள். உங்களுக்குப் புரிகிறாற்போல் சொல்கிறேன், ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். கிருமி வந்தால் அடையாளம் கண்டு பிடிப்பதற்கு உடம்பு ஒரு பொருளைச் செய்கிறது. அதற்கு ஆன்டிபாடி என்று பேர். உங்கள் எலும்பு மஜ்ஜையில் சில உயிரணுக்கள் கூட்டம் சேர்ந்துகொண்டு, யாருக்கும் வேண்டாத ஒரே ரக ஆன்டிபாடியை ஓயாமல் செய்து தள்ளுகின்றன. ரத்தத்தில் கம்ப்ளிமென்ட் என்று ஒரு காவல்படை உண்டு. அது எப்போதும் பாதி விழிப்பில் இருக்கும், அதை அடக்கி வைக்கக் கடிவாளமும் உண்டு. உங்கள் ஆன்டிபாடி அந்தக் கடிவாளத்தை அறுத்துவிட்டது. காவல்படை இப்போது உங்கள் கிட்னியின் சல்லடையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஊசி அந்தக் கூட்டத்தை அழிப்பதற்கு. கூட்டம் அழிந்தால் ஆன்டிபாடி நிற்கும், காவல்படை அடங்கும். இதில் காளிக்கு வேலை ஒன்றுமில்லை.

டாக்டர் அருள்மணி செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஊசி போடுவார். மீமிசலிலிருந்து முதல் பஸ் ஏறி அறந்தாங்கியில் மாறி வந்தாலும் எட்டுக்குள் வந்து சேர முடியாது. திங்கள் சாயங்காலமே வந்து என் வீட்டு மாடியில் தங்கிக்கொள்ளலாம். வெளிப்படி இருக்கிறது. என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கும் உங்கள் முகத்தைப் பார்க்க ஆசையில்லை.

ஊசிக்குப் பயமாக இருக்கிறது என்றால் அதை எழுதுங்கள். ஒத்துக்கொள்கிறேன். சாமியை இழுக்காதீர்கள்.

பிரகதாம்பாள்


புதுக்கோட்டை, உன் வீட்டு மாடி
9.7.2024

பிரகதாம்பாளுக்கு,

எனக்குப் பயமென்று நீ நினைத்துவிடக் கூடாதே என்றுதான் வந்தேன். இன்றோடு இரண்டு ஊசி ஆயிற்று. தொப்புளுக்குப் பக்கத்தில் குத்துகிறார்கள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்.

இதை எழுதிப் படியில் வைத்து மேலே கல் வைத்துவிட்டுப் போகிறேன். நேற்று ராத்திரி நீ மாடிப்படியில் ஒரு தூக்குச்சட்டி சோறும் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தாய். தொடவில்லை. நான் வரும்போதே எங்கள் ஊர்த் தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டுவருகிறேன். சோறு எனக்குத் தேவையில்லை. அந்தச் சட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. உன் சமையலைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா.

வீடு பெரிதாகத்தான் கட்டியிருக்கிறாய். ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை. உன் அண்ணன் ஒண்டுக் குடித்தனம் மாதிரி ஓட்டு வீட்டிலேயே முடிந்துபோனார். அவர் போட்டோ உன் கூடத்தில் மாட்டியிருக்கிறது, வெளிப்படி ஏறும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மாலை வாடியிருந்தது. மாற்றத் துப்பில்லை என்றால் மாட்டாதே.

ஆஸ்பத்திரியில் ஒருத்தி, "பெரியம்மா, ஒங்களக் கூட்டிட்டு வந்த அந்தம்மா யாரு, சிஸ்டரா?" என்று கேட்டாள். அவளை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். நீ அப்போது மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாய்.

ராக்காயி


புதுக்கோட்டை
17.7.2024

மதினிக்கு,

நேற்று மூன்றாவது ஊசிக்குப் பிறகு நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்த ஐந்து சின்ன மாத்திரையையும் வெறும் வயிற்றில் விழுங்கினீர்களா. அவை ஸ்டீராய்டு. சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகி ரத்தம் வரும். என் வீட்டுச் சோறு பிடிக்கவில்லை என்றால் பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி வாங்கித் தின்னுங்கள். காளி பஸ் ஸ்டாண்டுக்கும் தடை போட்டிருக்கிறாளா.

இன்னொன்று. நீள மாத்திரை ஒன்று தினமும் போடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கி வராமல் தடுக்கிற மாத்திரை அது. இந்த ஊசி உங்கள் உடம்பின் காவலை எல்லாம் சேர்த்துக் குறைக்கும். அப்போது சின்ன வயசில் வந்துபோன அம்மையின் கிருமி உள்ளே படுத்திருந்தது எழுந்து அக்கியாக வரும். ஒரு நாள்கூட அதை விடக் கூடாது.

போட்டோவுக்கு மாலை மாற்றிவிட்டேன்.

பிரகதாம்பாள்


மீமிசல்
8.8.2024

பிரகதாம்பாளுக்கு,

உன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. ஐந்து ஊசி முடிந்த கையோடு இடது விலாவில் அக்கி கொப்பளித்து முதுகு வரை சுற்றிக்கொண்டது. சேலை பட்டால் தீ. நீ எழுதினாய், உடனே வந்தது. ஊசி போட்டு அக்கி வரவழைத்துவிட்டு, அக்கிக்கு மாத்திரையும் நீங்களே வைத்திருக்கிறீர்கள். நல்ல தொழில்.

ஆறாம் தேதி செவ்வாய்க்கு நான் வரவில்லை. இனியும் வர மாட்டேன். ஆவுடையப்ப வேளாரிடம் போய் அக்கி எழுதிக்கொண்டேன். மனுஷன் ஒரு கொட்டாங்குச்சியில் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதினார். மூன்று நாள் எழுத வேண்டும். "யாரு ஆத்தா ஒங்களுக்கு இந்த வைத்தியம் பாத்தது, இத்தன காட்டமா ஏறியிருக்கு" என்று கேட்டார். நாத்தனார் என்றேன். மனுஷன் சிங்கத்துக்கு வாலை நீளமாக இழுத்துவிட்டார்.

உன் கையால் என் குடும்பத்தில் ஒரு ஆள் போனது போதும். அன்றைக்கும் இப்படித்தான், அமுக்கிப் பார்த்தாய், நாளைக்கு என்றாய், பஸ் ஏறினாய்.

ராக்காயி


புதுக்கோட்டை
12.8.2024

மதினிக்கு,

ரம்யா உங்கள் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். நீள மாத்திரை முப்பதும் பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் கிடக்கிறதாம். ஒன்றுகூடப் போடவில்லை. அக்கி ஊசியால் மட்டும் வரவில்லை, உங்கள் திமிராலும் வந்தது. கோழி இறகுக்கு அதை மாற்றத் தெரியாது. டாக்டர் அருள்மணி அக்கிக்கு வேறு அளவில் மாத்திரை எழுதியிருக்கிறார், ரம்யாவிடம் அனுப்பிவிட்டேன். கொப்புளம் உலர்ந்த பிறகு மறுபடி ஊசி. மிச்சம் பதினொன்று. இடையில் விட்ட ஒவ்வொரு வாரமும் கிட்னிக்கு நஷ்டம். ரம்யா அனுப்பிய போன வார ரத்தப் பரிசோதனையில் உங்கள் கிரியாட்டினின், கிட்னி வடிக்காமல் விட்ட கழிவு, ஏறியிருக்கிறது.

இனி ஒரு விஷயம். நீங்கள் ஒன்றும் மறக்காதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறீர்கள். சேலைக் கலர், பஸ் நேரம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையை இருபத்தோரு வருஷமாகச் சொல்கிறீர்கள். சனிக்கிழமை எங்கே போயிற்று.

நான் சொல்கிறேன். வெள்ளி ராத்திரி டூட்டியில் பெரிய டாக்டரிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லிப் படுக்கை பிடித்து வைத்தேன். சனி விடியலில் அறந்தாங்கி இன்னாசியின் வாடகைக் காரை அனுப்பினேன். அவர் வெறும் காரோடு திரும்பி வந்தார். "அம்மா வாசல்லயே நிக்கிறாங்க சிஸ்டர். வண்டி வேணாம், அவருக்குச் சரியாப்போச்சு, போன்னுட்டாங்க" என்றார். இன்னாசி இன்னும் இருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிறார். கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்த வீட்டில் யார் தப்பு என்று பங்கு பிரிக்க எனக்கு அப்போது மனசில்லை. நீங்களே ஒரு நாள் சொல்வீர்கள் என்று இருந்தேன். அதற்குள் காசு வெட்டிவிட்டீர்கள். அதற்கப்புறம் நான் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்.

பிரகதாம்பாள்


மீமிசல்
20.8.2024

பிரகதாம்பாளுக்கு,

இன்னாசியைக் கேட்க வேண்டியதில்லை. வெள்ளை அம்பாசடர். முன் கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா படம். அவர் இறங்கி, "சிஸ்டர் அனுப்புனாங்க, அண்ணனத் தூக்கிருவமா" என்று கேட்டார். நான் ஈரத்தலையோடு வாசலில் நின்றேன். எனக்கு மறக்குமா. உனக்குத்தான் மறந்துவிட்டது என்று இத்தனை வருஷமாக உன்னைக் கேவலமாக நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது. அது அதைவிடக் கேவலம்.

காரை ஏன் திருப்பி அனுப்பினேன் என்று எழுதுகிறேன். ஒரு தடவைதான் நானும் எழுதுவேன்.

நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் "தங்கச்சி சொன்னா சரி". மாடு வாங்க வேண்டுமா, தங்கச்சியைக் கேள். பிள்ளைக்குப் பேர் வைக்க வேண்டுமா, தங்கச்சி சொல்லட்டும். கவியரசன் என்று என் மகனுக்கு நீ வைத்த பேர், நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, தம்பி என்றே கூப்பிட்டேன். அவர் படுத்த பிறகு நாட்டு வைத்தியரிடம் நான் பொடி வாங்கிக் கொடுத்தேன். சனி காலையில் வீக்கம் விரற்கடை குறைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. அப்போது உன் கார் வந்து நின்றது. அந்தக் காரில் போய் அவர் பிழைத்து வந்தால், மிச்ச ஆயுசு பூராவும் அது உன் தயவு. எனக்குப் பொறுக்கவில்லை. என் பொடியில் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். போ என்று சொன்னேன். வீக்கம் குறையவில்லை. என் கண்தான் குறைத்துக் காட்டியது.

காசு வெட்டும்போது பூசாரி சொன்னார், "பேர வாய்விட்டுச் சொல்லாத, மனசுக்குள்ள சொல்லு. யாரக் கேக்கணுமோ அவ பேர." நான் சொன்ன பேர் ராக்காயி.

வெளியே வந்தபோது எங்கள் தெருப் பொன்னுத்தாய்தான் முதலில் கேட்டாள், "நர்ஸம்மாவுக்கா?" என்று. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு நடந்தேன். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. எனக்கும் சௌகரியமாக இருந்தது.

இப்போது நீ கடிவாளம், காவல்படை என்றெல்லாம் எழுதினாய். என் உடம்பே என்னைத் தின்கிறது என்றாய். படித்ததும் எனக்கு ஆச்சரியமில்லை. காளியிடம் சொன்ன பேருக்கு இருபத்தோரு வருஷம் கழித்து ஆள் வந்திருக்கிறது. அதை ஊசி போட்டு விரட்ட நான் யார். உன் வார்த்தைக்கு ரோஷப்பட்டு ஐந்து தடவை வந்தேன். மாத்திரையைப் பானைக்குள் போட்டது மறதியில் இல்லை.

இதை எரித்துவிடு.

ராக்காயி


புதுக்கோட்டை
23.8.2024

மதினி,

எரிக்கவில்லை. எரிக்க மாட்டேன்.

2009இல் என் மகள் சுகுணாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுவர அண்ணன் இல்லை, அண்ணன் மகனும் வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரு நாதி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், "பொண்ணுக்கு மாமன் வீடே இல்லையா?" அந்தப் பந்தலில் நான் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். அண்ணன் செத்த பாவம் என்னுடையது என்று அந்த வருஷங்களில் நானே பாதி நம்ப ஆரம்பித்திருந்தேன். வெள்ளிக்கிழமையே அவரைத் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். நீங்கள் முந்தானையை உதறினீர்களாம், சௌகரியமாக இருந்ததாம்.

உங்களை மன்னிக்கவில்லை. அது என் வேலை இல்லை. என் வேலை நர்ஸ் வேலை. அதனால் கேளுங்கள்.

உங்கள் வயசில் நூறு பேரை நிறுத்தி ரத்தம் எடுத்தால் மூன்று பேருக்கு இந்த மாதிரி வேண்டாத ஆன்டிபாடி இருக்கும். அவர்கள் யாரும் காசு வெட்டியவர்கள் இல்லை. அதில் யாரோ சிலருக்குத்தான் அது கிட்னியில் கை வைக்கும். அப்படி ஒருத்தி நீங்கள். அவ்வளவுதான் உங்கள் பெருமை. காளி உங்களுக்காக இருபத்தோரு வருஷம் காத்திருந்து, எலும்புக்குள் நுழைந்து, கூட்டம் சேர்த்தாள் என்று நினைக்கிறீர்களே, அவளுக்கு வேறு ஜோலி இல்லையா. தண்டனை வாங்கிக்கொள்வதிலும் நீங்கள்தான் ஊரில் பெரிய ஆளாக இருக்க வேண்டுமா.

சாவதென்றால் எனக்குச் சொன்னதை ஊருக்குச் சொல்லிவிட்டுச் சாகுங்கள். அது வரைக்கும் ஊசி. கொப்புளம் உலர்ந்துவிடும், செப்டம்பர் பத்தாம் தேதி செவ்வாய், காலை எட்டு மணி. வராவிட்டால் நானே கார் வைத்துக்கொண்டு வருவேன். இந்த முறை வாசலில் நின்று போகச் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தைத் தெருவில் நின்று சத்தம் போட்டுப் படிப்பேன்.

பிரகதாம்பாள்


மீமிசல்
5.9.2024

பிரகதாம்பாளுக்கு,

நீ கார் வைத்து வர வேண்டாம். தெருவில் நின்று படிக்கவும் வேண்டாம். உன் குரல் அதற்கு ஆகாது, கீச்சென்று இருக்கும்.

நேற்று கண்மாயில் நூறு நாள் வேலை நடந்தது. போனேன். விலாவில் இன்னும் காந்துகிறது, மண்வெட்டி தொடவில்லை. நாற்பது பொம்பளைகள் கரையில் சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று சொன்னேன். சனிக்கிழமை கார் வந்ததைச் சொன்னேன், போகச் சொன்னது யார் என்று சொன்னேன், கல்லில் யார் பேரை வைத்து வெட்டினேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு வாய்ச் சோறு மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. இதையா இத்தனை வருஷம் சுமந்தேன் என்று இருந்தது.

பிறகு பொன்னுத்தாய் எழுந்தாள். "அப்ப நாங்க இருபத்தோரு வருசமா புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் அந்தம்மா வீட்டுத் தண்ணியக் குடிக்காம, நாக்குத் தள்ளி வந்தது எதுக்கு? எம் மருமக பிரசவத்தப்ப அந்தம்மா பிளாஸ்க்கில காப்பி கொண்டாந்துச்சு, நான் தரையில ஊத்துனேனே" என்றாள். "ஒன்னயச் சொல்லணுமா, எங்களச் சொல்லணுமா" என்று கேட்டுவிட்டு என் காலடியில் துப்பினாள். சரியாகத்தான் செய்தாள். இன்று காலையில் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் நகர்ந்து தள்ளி நின்றாள். இந்த நிற்பைத்தான் நீ நின்றிருக்கிறாய் போல. நன்றாக இல்லை.

பொன்னுத்தாய் உன் வீட்டுக்கு வந்தாலும் வருவாள். வந்தால் காப்பி கொடு, கொடுக்காமல் இரு, அது உங்கள் பாடு.

மன்னிக்கவில்லை என்று எழுதினாய். நான் கேட்கவில்லை. நூற்றில் மூன்று பேர் என்று எழுதினாய், அதை மட்டும் நாலு தடவை படித்தேன். அத்தனை பேரில் ஒருத்தி என்றால் எனக்கு இத்தனை கெத்து தேவையில்லைதான். நீள மாத்திரையைப் பானையிலிருந்து எடுத்து நேற்றிலிருந்து போடுகிறேன். அட்டையில் அரிசி மாவு ஒட்டியிருக்கிறது, பாதகமில்லை என்று ரம்யா சொல்கிறாள். கொப்புளம் உலர்ந்துவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடுவேன். மிச்சம் பதினொன்றையும் போட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகு கிட்னி நிற்குமா, மிஷினா என்று அருள்மணி டாக்டர் சொல்லட்டும்.

அந்த ஐந்து மாத்திரைக்கு வயிற்றில் சோறு வேண்டும் என்றாய். பஸ் ஸ்டாண்டு இட்லி எனக்கு ஒத்துக்கொள்ளாது. பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரவில்லை. திங்கள் ராத்திரி எனக்கும் சேர்த்து அரிசி போடு. உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக உன் சமையலில் நீ புதிதாக ஒன்றும் பழக வேண்டியிருக்காது.

ராக்காயி